ஆறு இறங்கும் நேரம்

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளின் விவரக்குறிப்பில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: எவ்வளவு ஆழமான தண்ணீரில் இந்த வண்டியை இறக்கலாம் என்று. டொயோட்டா லேண்ட் குரூசருக்கு 700 மில்லிமீட்டர். புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 900 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று அடி. ஐஸ்லாந்தின் உள்நாட்டு மலைப்பாதைகளைப் பார்க்க வருகிறவர்களில் பலர் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டுதான் வருகிறார்கள். ஆற்றங்கரையில் நின்று, தண்ணீர் எத்தனை அடி இருக்கும் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். மூன்று அடிக்குள் என்றால் இறங்கிவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

எனக்கு அந்த எண்ணோடு தீராத சண்டை உண்டு. அது பொய்யான எண் அல்ல. தேங்கி நிற்கும் தண்ணீருக்கு, கெட்டியான தரைக்கு, நிதானமான ஓட்டத்துக்கு அது சரியான எண். ஆனால் பனிப்பாறையிலிருந்து வரும் ஆறு எங்கேயும் தேங்கி நிற்பதில்லை. நம் ஊரில் ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் தெரிந்த பிறகும் காலை விட முடியாது. இழுப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும். அந்த இழுப்பு இன்னும் ஒரு மணி நேரத்தில் எவ்வளவாக இருக்கும் என்றும் தெரிய வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஓடும் நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஒரு பெரிய ஜீப்பின் பக்கவாட்டில் அரை மீட்டர் உயரத்துக்கு நீர் மோதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது மெதுவாக நடக்கும் வேகத்தில், அது சுமார் 130 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். நொடிக்கு இரண்டு மீட்டரில் 500 கிலோ. மூன்று மீட்டரில் ஒரு டன்னைத் தாண்டிவிடும். ஆழம் ஒரு விரற்கடைகூடக் கூடவில்லை. வேகம் மட்டும்தான் கூடியது.

இதோடு மிதப்பும் சேர்ந்துகொள்கிறது. வண்டியின் தரைத்தகட்டுக்கு மேலே நீர் ஏறும் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 800 கிலோ மேல்நோக்கித் தூக்கும், உள்ளே தண்ணீர் புகாதவரை. இரண்டேகால் டன் வண்டி முப்பது சென்டிமீட்டருக்குள் முழுக்க மிதந்துவிடும். அதற்கு வெகு முன்னாலேயே டயர்கள் கற்களின் மேலே லேசாகிப் பிடியை இழந்துவிடுகின்றன. பிடி போன வண்டியை ஒரு டன் விசை பக்கவாட்டில் தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டி மிதக்கத் தொடங்கினால் கதவைத் திறந்து தண்ணீரை வேண்டுமென்றே உள்ளே விடும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். இருக்கை பாழாகும், ஆனால் எடை கூடி, சக்கரம் மறுபடி தரையைத் தொடும்.

ஐஸ்லாந்தில் பனிமேல் ஓடுவதற்காக 38 அங்குல, 44 அங்குல டயர்கள் போட்ட வண்டிகளைப் பார்க்கலாம். பார்த்தவுடன் இவை எந்த ஆற்றையும் தாண்டிவிடும் என்று தோன்றும். உண்மையில் உயரம் தரும் அதே டயர், காற்று நிரம்பிய மிதவையும்கூட. 38 அங்குல டயர்கள் நான்கும் முழுதாக மூழ்கினால் முக்கால் டன்னுக்கும் மேல் தூக்கும். எடை குறைந்த வண்டிக்கு இவ்வளவு பெரிய டயரைப் போட்டு ஆற்றில் இறக்குவதை இங்குள்ள அனுபவசாலிகள் விரும்புவதில்லை.

நான் பேசுவது முக்கியமாக ஒரு பாதையைப் பற்றி. தெற்கு ஐஸ்லாந்தில் செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் அருவியைத் தாண்டி உள்ளே போகும் எஃப் 249 என்ற மலைப்பாதை. போய்ச் சேரும் இடம் தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்கு. மூன்று பனிப்பாறைகளுக்கு நடுவே, பிர்ச் மரங்கள் அடர்ந்த, பச்சை படர்ந்த இடம். மரமே அரிதான அந்த நாட்டில் அது ஒரு அதிசயம். ஆனால் அங்கே போக, பாலம் இல்லாத ஆறுகளையும் ஓடைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்ட வேண்டும். முதலில் வருபவை சிறியவை. வருகிறவனுக்குத் தைரியம் ஊட்டுவதற்கென்றே ஓடுபவை போல இருக்கும். பிறகு ஸ்டெய்ன்ஹோல்ட்ஸாவ், க்வன்னாவ். கடைசியில் க்ரோசாவ். மிர்தால்ஸ்யோகுட்ல் பனிப்பாறையிலிருந்து வரும் ஆறு அது. பாஸார் என்ற தங்குமிடத்துக்குப் போகிறவர்கள் க்ரோசாவைத் தொட வேண்டியதில்லை; லாங்கிதாலூர், ஹூஸாதாலூர் என்ற மற்ற இரண்டு தங்குமிடங்களுக்கும் வண்டியில் போக அதைத் தாண்டியே ஆக வேண்டும். இருக்கைகள் உயரத்தில் அமைந்த, ஆற்றுக்கென்றே தயார்செய்த பெரிய பஸ்கள்கூட க்ரோசாவில் சிக்கியிருக்கின்றன.

இந்தப் பாதை ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. 2010 ஏப்ரலில் எய்யாஃபியாட்லயோகுட்ல் எரிமலை வெடித்து ஐரோப்பாவின் விமானங்களையெல்லாம் தரையிறக்கியது பலருக்கு நினைவிருக்கும். அந்த வெடிப்பில் உருகிய பனி வெள்ளமாகக் கீக்யோகுட்ல் என்ற பனிநாக்கின் வழியே பாய்ந்தது. அதன் அடியில் இருந்த ஏரியை மணலும் கல்லும் கொண்டுவந்து தூர்த்துவிட்டது. அதற்கு முந்தைய புகைப்படங்களில் பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரி. இன்று போனால் சாம்பல் நிறக் கல்வெளி. நீர் இப்படித் தன் படுகையைத் தானே கட்டி, தானே கலைக்கும் நாட்டில், சென்ற ஆண்டு நீங்கள் தாண்டிய துறை இந்த ஆண்டு அங்கே இருக்கும் என்று நம்ப முடியாது. சென்ற வாரத்துத் துறையையும் நம்ப முடியாது.

பனியாற்றுத் தண்ணீர் சாம்பல் கலந்த பால் நிறத்தில் இருக்கும். பனிப்பாறை தன் எடையால் அடிப்பாறையை அரைத்து மாவாக்குகிறது. அந்த மாவு கலந்த நீர். முழங்கால் ஆழத்தில் நிற்கும் உங்கள் சொந்தப் பாதம் உங்களுக்குத் தெரியாது. அடியில் கூழாங்கல்லா, ஆளுயரப் பாறையா, நேற்றிரவு குடைந்த மடுவா என்று கண்ணால் பார்க்க வழியே இல்லை. அதனால் மேற்பரப்பைப் படிக்க வேண்டும். ஆறு அகலமாக விரிந்து, சிற்றலைகள் சலசலக்கும் இடம் ஆழம் குறைந்தது. குறுகி, வழுவழுவென்று ஓசையின்றிப் போகும் இடம் ஆழமானது. பார்ப்பதற்கு இரண்டாவதுதான் சாந்தமாக இருக்கும்; புதியவர்கள் அங்கேதான் இறங்கப் பார்க்கிறார்கள்.

என்னோடு வேலை செய்யும் ஒருவரின் தந்தை, பல ஆண்டுகள் மலைப்பாதை பஸ் ஓட்டியவர், என்னை முதல்முறையாக க்ரோசாவ் கரைக்குக் கூட்டிப்போனார். மாலை ஐந்து மணி இருக்கும். வெயில் நன்றாக அடித்த நாள். வண்டியை நிறுத்தியதும் அவர் கால்சட்டைக்கு மேலே மீன்பிடிப்பவர்களின் ரப்பர் உடுப்பை மாட்டவில்லை, கம்பை எடுக்கவில்லை. நீரும் நிலமும் தொடும் விளிம்பில் கைப்பிடி அளவுள்ள ஒரு கல்லை வைத்தார். வண்டிக்குத் திரும்பிப் போய், ஃபிளாஸ்க்கில் இருந்த காப்பியை இருவருக்கும் ஊற்றினார்.

"கேளுங்கள்" என்றார்.

முதலில் நீரின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு அதற்கு அடியில் வேறொன்று. மந்தமான, கனத்த மோதல் சத்தம், விட்டு விட்டு. ஆற்றின் அடியில் பாறைகள் உருண்டு ஒன்றோடொன்று முட்டும் ஓசை. காதில் விழுவதற்கு முன் அது காலடி மண்ணின் வழியே வந்தது போல எனக்குப் பட்டது. "பாறையை உருட்டும் ஆறு சக்கரத்தையும் உருட்டும்" என்றார். காப்பி முடிந்தபோது கல்லைப் போய்ப் பார்த்தோம். அது நீருக்குள் இருந்தது. விளிம்பு ஒரு சாண் தள்ளி வந்திருந்தது.

பனியாறுகளுக்கு நாள் கணக்கு உண்டு. காலையில் வெயில் பனிப்பாறையைத் தொடுகிறது. உருகிய நீர் பள்ளங்களில் கூடி, ஆற்றில் இறங்கி, துறைக்கு வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும். மாலையில் உச்சம். இரவில் மேலே குளிர்ந்ததும் நீர் குறையத் தொடங்கி, விடியற்காலையில்தான் மிகத் தாழ்ந்து ஓடும். மேலே மழையோ வெதுவெதுப்பான காற்றோ இருந்தால் இந்தக் கணக்கும் தவறும். இரவெல்லாம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆக, காலை ஆறு மணி க்ரோசாவும் மாலை ஆறு மணி க்ரோசாவும் வெவ்வேறு ஆறுகள். விவரக்குறிப்பின் 900 மில்லிமீட்டருக்கு மணி தெரியாது. இதைத்தான் வாடகைக்கு வண்டி தருகிற இடங்களில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். நீர் புகுந்தால் காப்பீடு செல்லாது என்பதை மட்டும் ஒப்பந்தத்தின் அடியில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது யாரையும் காப்பாற்றாது.

இறங்கலாம் என்று முடிவான பிறகும் முதல் வேலை வண்டிக்கு வெளியேதான். ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். இடுப்பில் கயிறு, கையில் கம்பு, முகம் நீர் வரும் திசையை நோக்கி, பக்கவாட்டு அடிகளாக. முதுகுப்பை இருந்தால் அதன் வார்களைக் கழற்றிவிட்டிருக்க வேண்டும். விழுந்தால் அது ஆளை அமுக்கிவிடும். உறைநிலையை ஒட்டிய குளிர் அந்த நீருக்கு. சில நிமிடங்களில் கால் விரல்கள் இருப்பதே தெரியாது. நடக்க முடியாத ஆற்றில் வண்டியை இறக்கக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். நான் அறிந்த விதிகளிலேயே இதைப் போல நேர்மையான விதி வேறு இல்லை. கருவி எதுவும் வேண்டாம். உங்கள் தொடை எலும்பே வேகத்தை அளந்து சொல்லிவிடும்.

இழுவைக் கயிற்றை இறங்குவதற்கு முன்பே வண்டியில் பூட்டி, அதன் மறுமுனையைக் கைக்கு எட்டும் இடத்தில் கட்டி வைப்பார்கள். நடு ஆற்றில் சிக்கிய பிறகு, பாயும் நீருக்கு அடியில் கொக்கியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. வண்டி அகப்பட்டால் ஜன்னல்தான் கதவு; பாயும் நீரின் அழுத்தத்தில் கதவு திறக்காமல் போகலாம். அதனால் கண்ணாடியை முன்கூட்டியே இறக்கிவிடுகிறார்கள். வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் தாழ் விகிதத்தில் (லோ ரேஞ்ச்) முதல் அல்லது இரண்டாம் கியர். நடுவில் கியர் மாற்றுவதோ கிளட்சை மிதிப்பதோ கிடையாது. நடை வேகம்தான். அந்த வேகத்தில் போனால் முன்பக்கத்தில் ஒரு அலை எழும்பும். அந்த அலைக்குப் பின்னால் இன்ஜின் பகுதியில் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். அலையை முந்தவும் கூடாது, அதற்குப் பின்தங்கி நிற்கவும் கூடாது. திரைப்படங்களில் தண்ணீரைச் சிறகாகத் தெறிக்கவிட்டுப் பாய்வதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் இன்ஜினைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கெடுவது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். காற்று உறிஞ்சும் குழாய் வழியே ஒரு டம்ளர் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் போதும். பிஸ்டன் மேலே வரும்போது காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அல்லது இன்ஜின் பிளாக்கைக் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கூரை உயரத்தில் ஸ்நார்கெல் குழாய் வைப்பது இதற்காகத்தான். ஆனால் ஸ்நார்கெல் வைத்தவர்களில் பலர் மறப்பது டிஃபரன்ஷியலின், அதாவது அச்சின் நடுவில் இருக்கும் பற்சக்கரப் பெட்டியின், மூச்சுக் குழாயை. மைல் கணக்கில் ஓடிச் சூடேறிய அச்சு, குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. சூடான டம்ளரைத் தண்ணீரில் கவிழ்த்தால் எப்படி நீரை உள்ளே இழுக்குமோ, அப்படியே சீல்களின் இடுக்கு வழியாக ஆற்று நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெயோடு பாறை மாவும் சேர்ந்துவிடும். வண்டி அன்றைக்கு நன்றாகவே ஓடும். பல நூறு கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் பற்சக்கரம் தேய்ந்து முனகத் தொடங்கும். மூச்சுக் குழாயை நீட்டி இன்ஜின் அறையின் உச்சியில் கட்டிவிட்டால் தீர்ந்தது. மிகக் குறைந்த செலவில் முடிகிற வேலை.

ஆற்றைக் குறுக்கே நேராக வெட்டக் கூடாது. நீர் போகும் திசையோடு சற்றுச் சாய்ந்து இறங்க வேண்டும். இழுப்பு வண்டியின் அகன்ற பக்கத்தில் முழுதாக மோதாமல், பின்னாலிருந்து தள்ளிவிடுகிற துணையாக மாறும். எதிர்க்கரையில் ஏறும் இடம் கொஞ்சம் கீழே இருந்தாக வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது. ஏறும் இடத்தைப் பார்க்காமல் இறங்கும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுக்கிறவர்கள், அக்கரையின் செங்குத்தான மண்மேட்டில் மூக்கை முட்டி நிற்பார்கள். பின்சக்கரங்களுக்கு அடியில் இருக்கும் கல்லை ஆறு அரிக்க ஆரம்பித்துவிடும். நின்ற வண்டி ஆற்றில் புதைய அதிக நேரம் ஆகாது.

அனுபவமும் பெரிய வண்டியும் இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் 2011 ஜூலையை நினைவூட்டுவேன். கட்லா எரிமலையின் பனிக்கு அடியிலிருந்து வந்த திடீர் வெள்ளம், நாட்டைச் சுற்றி வரும் முதல் எண் நெடுஞ்சாலையில் மூலாக்விஸ்ல் ஆற்றின் மீதிருந்த பாலத்தை அடித்துச் சென்றது. கோடைக்காலம், சுற்றுலாப் பயணிகள் நிறைந்த நேரம். ஒரே நெடுஞ்சாலை இரண்டாகத் துண்டானது. தற்காலிகப் பாலம் எழும்பும்வரை பயணிகளையும் கார்களையும் பெரிய லாரிகளிலும் உயரமான பஸ்களிலும் ஏற்றி ஆற்றின் வழியாகவே அக்கரை சேர்த்தார்கள். ஓட்டியவர்கள் அந்த நாட்டின் கைதேர்ந்த ஓட்டுநர்கள். அப்படியிருந்தும் ஒரு பஸ், ஆறு புதிதாகக் குடைந்த பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கூரைமேல் ஏறினார்கள். எல்லோரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஒரு வாரத்தில் தற்காலிகப் பாலம் கட்டி முடித்ததைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பஸ் கவிழ்ந்த இடம், சற்று முன்வரை பஸ்கள் போய் வந்துகொண்டிருந்த தடம்தான்.

மீட்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. லாண்ட்ஸ்பியோர்க் என்ற அமைப்பின் கீழ் இயங்கும் குழுக்கள் எல்லாம் தன்னார்வலர்கள். ஆசிரியர், தச்சர், கணக்காளர் என்று அன்றாட வேலை பார்க்கிறவர்கள், அழைப்பு வந்ததும் வேலையை விட்டு ஓடி வருகிறார்கள். செலவுக்கான பணத்தின் பெரும்பகுதியைப் புத்தாண்டுப் பட்டாசு விற்றுச் சேர்க்கிறார்கள். கோடையில் மலைநாட்டிலேயே முகாமிட்டுக் காவல் இருக்கிறார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஏறிய ஆற்றில் ஒருவர் அவசரப்பட்டு இறங்கினால், அவருக்காகக் கழுத்தளவு குளிர்நீரில் இன்னொரு வீட்டின் பிள்ளை இறங்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் கோபம் வருகிறது, வருவது நியாயம் என்றும் நினைக்கிறேன்.

அன்று க்ரோசாவ் கரையில் பெரியவர் வண்டியைத் திருப்பி மேட்டில் நிறுத்தினார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. லாங்கிதாலூரின் குடிலும் அதன் விளக்கும் அக்கரையிலேயே தெரிந்தன. "அங்கே தூங்கத்தானே வேண்டும்? நடந்து போவோம்" என்றார். க்ரோசாவின் மேல் நடந்து போகிறவர்களுக்கான பாலங்கள் உண்டு. சக்கரம் பூட்டிய பாலங்கள். ஆறு தன் ஓட்டத்தை மாற்றும்போதெல்லாம் டிராக்டரால் இழுத்துப் புதிய இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆற்றைக் கட்டிப்போட முயலாமல், அது போகிற இடத்துக்குப் பாலத்தை அனுப்புகிற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 1974இல் ஸ்கெய்தாராவ் ஆற்றின் குறுக்கே 900 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள பாலத்தைக் கட்டித்தான் நெடுஞ்சாலை வளையத்தை முழுமையாக்கினார்கள். 2009இல் அந்த ஆறு பனிப்பாறைக்கு அடியிலேயே திசைமாறிப் பக்கத்து ஆற்றோடு சேர்ந்துகொண்டது. மாபெரும் பாலம் ஏறக்குறைய வெறும் மணலின் மேல் நின்றது.

மறுநாள் விடியற்காலையில் பாலத்தின் வழியே திரும்பி வந்து வண்டியை எடுத்தோம். அவர் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு முதலில் நடந்தார். நீர் அவருடைய முழங்காலுக்குக் கீழே. முந்தைய மாலை நாங்கள் பார்த்த துறையிலிருந்து சற்றுக் கீழே, நீர் இரண்டு கிளைகளாகப் பிரியும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். நடுவில் இருந்த கல்மேட்டில் ஒரு கணம் நின்று இரண்டாவது கிளையைப் பார்த்தார், பிறகு இறங்கினார். சக்கரத்தின் நடு அச்சைத் தண்ணீர் தொட்டும் தொடாமலும் இருந்தது. கரையேறியதும் பிரேக்கை நான்கைந்து முறை மெல்ல மிதித்து உலர்த்தினார். இறங்கி அச்சுகளுக்கு அடியில் குனிந்து கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்.

குடிலில் காலை உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் நாள் முழுவதற்குமான நடைப் பயணத் திட்டத்தை விரித்தேன். அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். மேகமே இல்லை. வண்டியை ஒன்பது மணிக்குள் மறுபடி அக்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பாலத்தின் வழியே நடந்து வந்து மலையேறுவோம், மாலையில் ஆறு எப்படி இருந்தாலும் வீட்டுக்குப் போகலாம் என்றார். அப்படியே செய்தோம்.